பங்குனி வரை நிற்கும் வேலை எது? காட்டோர நிலங்களுக்கான தீத்தடுப்பு வழிகள்: ஓர் ஒப்பீடு

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை, ஆடலூர் என்று நீளும் கீழ்ப்பழனி மலை ஊர்களில், காப்பியும் மிளகும் மலைவாழையும் வைத்திருக்கும் சிறு விவசாயியின் நிலம் பல இடங்களில் காப்புக்காட்டின் எல்லைக்கல்லில்தான் முடிகிறது. கார்த்திகை மழை ஓய்ந்து, தை மாதம் பாதி கழிந்ததும், எல்லைக்கு அப்பால் இடுப்பளவு வளர்ந்திருக்கும் போதைப்புல் வைக்கோல் நிறத்துக்கு மாறுகிறது. அந்த நாள் முதல் கோடை மழை இறங்கும் வரை, கீழ்ச்சரிவில் எங்கே புகை எழுந்தாலும் மேலே உள்ள ஊர் உறங்குவதில்லை. கையில் இருக்கும் கொஞ்சப் பணத்தையும் கிடைக்கும் சில ஆட்களையும் கொண்டு இந்த நான்கு மாதங்களை எப்படிக் கடப்பது என்பது மார்கழியிலேயே எடுக்கப்பட வேண்டிய முடிவு. அந்த முடிவுக்கு முன்னால் நிற்கும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

வழிகளை எந்த அளவுகோலால் அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் பளிச்சென்று வெட்டி முடித்த வேலை எல்லோர் கண்ணுக்கும் நிறைவாகத்தான் தெரியும். ஆனால் தீ வருவது மாசியிலும் பங்குனியிலும். எனவே எந்த வேலை குறைந்த செலவில் பங்குனி வரை பழுதில்லாமல் நிற்கும், நில உரிமையாளர் தன் கையாலேயே எதைத் திரும்பத் திரும்பச் சீர்செய்ய முடியும் என்பதையே நான் முதன்மையாகப் பார்க்கிறேன். எவ்வளவு அகலமாக வெட்டினோம், எவ்வளவு செலவழித்தோம் என்பவை அதற்குப் பிந்தியவை.

தீ எப்படி நகர்கிறது என்பது புரிந்தால்தான் எந்த ஒப்பீடும் பொருள்படும். சரிவில் தீ மேல்நோக்கியே விரைகிறது. சுடரும் அதிலிருந்து எழும் வெப்பக்காற்றும் மேலே நிற்கும் புல்லை எரியும் முன்பே உலர்த்திவிடுவதால், சரிவு பத்துப் பாகை கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது காட்டுத்தீயை அணைப்போர் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. ஓடைகளும் கணவாய்களும் புகைபோக்கியைப் போலத் தீயை மேலே இழுத்துக்கொள்கின்றன. 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூருக்கு மேலே குரங்கணி மலையில், மலையேற்றம் சென்று இறங்கிக்கொண்டிருந்தவர்களைப் புல்தீ சூழ்ந்துகொண்டதில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சுற்றிலும் நின்றது அடர்ந்த மரக்காடு அல்ல. பெரும்பகுதி காய்ந்த புல்தான். புல்தானே என்று எண்ணும் எவரும் அந்த நாளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தடித்த மரம் பற்றிக்கொள்ள நேரமாகும். காய்ந்த புல்லுக்கு ஒரு பீடித் துண்டு போதும். நம் காடுகளில் எரியும் தீயில் மிகப் பெரும்பகுதி மனிதர் கையிலிருந்து தொடங்குவதே. மூங்கில் உரசித் தீப்பிடித்தது என்று சொல்லி நம்மை நாமே விடுவித்துக்கொள்வது எளிது, ஆனால் உண்மை அதுவாக இருப்பது அரிது.

முதலாவது வழி, வனத்துறை தீத்தடுப்புக் கோடு என்றும் ஊரார் பயர் லைன் என்றும் அழைக்கும் வெட்டுப்பட்டை. எல்லையை ஒட்டி ஒரு குறிப்பிட்ட அகலத்துக்குப் புல்லையும் புதரையும் வெட்டி, சருகைக் கூட்டி அகற்றி, தீக்கு உணவில்லாத ஒரு பட்டையை உண்டாக்குவதே இது. காட்டை ஒட்டிய பக்கம் 200 மீட்டர் நீளமுள்ள ஒரு நிலத்துக்கு 5 மீட்டர் அகலத்தில் கோடு வெட்டினால், பரப்பு 1,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 25 சென்ட். இது ஒரு குடும்பம் செய்துமுடிக்கக்கூடிய வேலைதான். வனத்துறையினருக்கும் பழக்கமான முறை என்பதால் அவர்களோடு சேர்ந்து செய்யவும் வசதி. தீ வந்துவிட்டால் பச்சைக் கொப்புகளோடு ஆட்கள் நிற்பதற்கும், வேண்டுமானால் பின்வாங்கி ஓடுவதற்கும் ஓர் இடம் கிடைக்கிறது. கோட்டின் முதன்மையான பயன் இதுவென்றே நான் கருதுகிறேன். காற்று வீசும் நண்பகலில் ஐந்து மீட்டர் வெற்று நிலம் மட்டுமே தீயை நிறுத்திவிடாது, பொறிகள் அதைத் தாண்டிப் பறக்கும். அந்தப் பட்டையில் ஆள் நின்று, விழும் பொறியை அடித்து அணைக்கும்போதுதான் கோடு வேலை செய்கிறது.

இந்த வழியின் குறை மரங்களில் இருக்கிறது. கீழ்ச்சரிவின் இலையுதிர் காட்டில் தேக்கும் வேங்கையும் பிற மரங்களும் தை முதல் பங்குனி வரை இலை கொட்டிக்கொண்டே இருக்கின்றன. மார்கழியில் வெட்டிய கோட்டின் மேல் மாசி முடிவதற்குள் கணுக்கால் அளவு சருகு சேர்ந்துவிடுகிறது. அப்போது அந்தக் கோடு தீயைத் தடுக்கும் பட்டையாக இருப்பதில்லை, தீ நடந்துவரும் பாதையாகிவிடுகிறது. பத்து மீட்டர் அகலத்தில் வெட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவதைவிட, ஐந்து மீட்டரில் வெட்டி, மாசித் தொடக்கத்திலும் பங்குனித் தொடக்கத்திலும் சருகைக் கூட்டித் தள்ளுவது பல மடங்கு மேலானது. கோடு அமையும் இடமும் அகலத்துக்கு நிகராக முக்கியம். நடுச்சரிவில் வெட்டிய கோட்டை மேல்நோக்கி வரும் தீ முழு வேகத்தில் சந்திக்கும். முகட்டில் வெட்டிய கோட்டை அடையும்போது அதே தீ தளர்ந்திருக்கும். எல்லை முகட்டில் அமைந்த நிலம் கொடுத்துவைத்தது. அப்படி அமையாதவர்கள், பக்கத்து நிலக்காரரோடு பேசி, இரண்டு நிலத்துக்கும் பொதுவாக அருகில் உள்ள முகட்டிலோ பாதையிலோ ஒரே கோட்டை வெட்டிக்கொள்வதே நல்லது. இன்னொன்றும் உண்டு. மண்வெட்டியால் மண் தெரியச் சுரண்டிய கோடு சரிவில் நேர்கீழாக இறங்கினால், ஐப்பசி மழையில் அது ஓடையாக அரிக்கப்படும். செங்குத்தான இடங்களில் வேரை விட்டுவிட்டுப் புல்லைத் தரையோடு அறுத்து, சருகை மட்டும் கூட்டுவது போதும். புல்வெட்டும் இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதை மார்கழி, தை மாதக் காலைப்பொழுதிலேயே பயன்படுத்தி முடித்துவிட வேண்டும். காய்ந்த புல்லுக்கிடையே இரும்புத் தகடு கல்லில் பட்டுத் தெறிக்கும் ஒரு பொறியே தீயைத் தொடங்கி வைத்துவிடும்.

இரண்டாவது வழி, பனி இருக்கும்போதே புல்லையும் சருகையும் முன்கூட்டி எரித்துவிடுவது. இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதில் இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. சத்தியமங்கலம் காட்டை அடுத்த பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர் ‘தரகு பெங்கி’ எனப்படும் சருகுத்தீயை ஆண்டின் தொடக்கத்தில், ஈரம் முழுவதும் வற்றுவதற்கு முன்பே வைப்பது வழக்கமாக இருந்தது. முழங்கால் உயரத்தைத் தாண்டாத அந்தத் தீ சருகை மட்டும் தின்றுவிட்டு அணைந்துவிடும். அந்தப் பழக்கம் தடுக்கப்பட்ட பின்னரே லாண்டானா எனப்படும் உண்ணிச்செடி அந்தக் காட்டை மூடிக்கொண்டது என்று சோலிகர்கள் சொல்கிறார்கள். ஆய்வாளர்களும் அதைப் பொருட்படுத்தி எழுதியிருக்கிறார்கள். குளிர்காலச் சிறுதீ கோடைப் பெருந்தீயைத் தவிர்க்கும் என்ற அறிவு மூடநம்பிக்கை ஆகாது.

ஆனாலும் ஒரு தனி விவசாயிக்கு இந்த வழியை என்னால் பரிந்துரைக்க முடியாது. காப்புக்காட்டுக்குள் தீ வைப்பதும், காட்டுக்கு ஆபத்து நேரும்படி தீ மூட்டுவதும் 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த அறிவு தலைமுறை தலைமுறையாக ஒரே காட்டில் வாழ்ந்தவர்களின் அறிவு என்பது. எந்த நாளில், எந்த மணிக்கு, எந்தக் காற்றில், எந்தச் சரிவின் மேல்முனையிலிருந்து தீயை இறக்க வேண்டும் என்பதை அறியாமல் அதன் வெளித்தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், விளைவு பக்கத்து ஊரின் தலையில் விழும். உயரம் கூடக்கூடக் கணக்கும் மாறிவிடுகிறது. தடித்த பட்டை கொண்ட கீழ்மலை மரங்கள் சிறுதீயைத் தாங்கும், மேல்மலைச் சோலைக்காட்டு மரங்கள் தாங்கா. அங்கே முன்னெரிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. உண்ணிச்செடி ஏற்கெனவே புகுந்துவிட்ட இடத்தில் எரிப்பது பயனற்றது மட்டுமல்ல, கேடும்கூட. எரிந்த தூரிலிருந்து அது முன்னைவிட அடர்த்தியாகத் தழைத்து எழும். ஆகவே கோட்டுக்கு வெளியே உள்ள புல்லை எரிக்க வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தால், வனத்துறை தன் பொறுப்பில், தன் ஆட்களோடு, ஊராருக்கு அறிவித்துவிட்டுச் செய்யட்டும். அதைக் கேட்டுப் பெறுவது ஊரின் வேலை. தீப்பெட்டியை எடுப்பது ஊரின் வேலையன்று.

மூன்றாவது வழியாக மேய்ச்சலைச் சொல்வார்கள். மாடு தின்ற புல் எரியாது என்பது எளிய, சரியான வாதம். வருசநாட்டு மலைமாடும் பர்கூர் மாடும் காட்டோரத்தில் நின்ற காலத்தில் புல் இவ்வளவு உயரம் வளர விடப்படவில்லை என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் முழுவதிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்னர் அதைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டது. எனவே உங்கள் எல்லைக்கு அப்பால் இருப்பது எந்த வகைக் காடு என்பதைப் பொறுத்தே இந்த வழி திறந்திருக்கிறதா என்பது முடிவாகும். திறந்திருந்தாலும் இரண்டு செய்திகளை மறக்கக்கூடாது. முற்றிய போதைப்புல்லை மாடு விரும்பித் தின்பதில்லை. அது இளந்தளிரைத்தான் தேடுகிறது, அந்தத் தளிருக்காகவே சிலர் காய்ந்த புல்லுக்குத் தீ வைக்கிறார்கள் என்பது எல்லோரும் அறிந்தது. மேலும், மாடும் ஆடும் உண்ணிச்செடியைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகின்றன. அது அவற்றுக்கு நஞ்சு. புல் குறையக் குறைய அந்தச் செடி இடம்பிடிக்கிறது. காட்டுக்குள் மேய்ப்பதை நம்பியிராமல், சொந்த நிலத்தின் கோட்டை ஒட்டிய பகுதியில் கார்த்திகை, மார்கழியில் புல் பச்சையாக இருக்கும்போதே மாட்டைக் கட்டி மேய்ப்பதும், அறுத்துப் போடுவதும் பயன் தரும். கோட்டைப் பேணும் செலவை அது குறைக்கும். கோட்டுக்கு மாற்றாக அது ஆகாது.

உண்ணிச்செடியை வேரோடு அகற்றுவது நான்காவது வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுச்செடியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இது, இன்று நம் காடுகளில் தீயைத் தரையிலிருந்து மரத்தின் தலைக்கு ஏற்றிவிடும் ஏணியாக நிற்கிறது. புல்தீ வந்தால் மரத்தின் அடியைச் சுட்டுவிட்டுக் கடந்துபோகும். உண்ணிப் புதர் சூழ்ந்த மரத்தில் அதே தீ உச்சிவரை ஏறும். வெறுமனே அரிவாளால் வெட்டினால் மீண்டும் தழைக்கும். தரைக்குச் சற்றுக் கீழே ஆணிவேரைத் துண்டித்து, செடியைத் தலைகீழாகக் கவிழ்த்து உலர விட வேண்டும் என்பது களத்தில் பயன் தந்த முறை. ஆனால் பறவைகள் விதையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருப்பதால், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளும் மழைக்குப் பின் முளைக்கும் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். வெட்டிய குவியலைக் கோட்டருகிலேயே காயவிட்டுச் செல்வது பெரும் தவறு, அதைவிட நல்ல எரிபொருள் வேறில்லை. 2022-இல் தமிழ்நாடு அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென்று ஒரு கொள்கையை வெளியிட்டது. காப்புக்காட்டுப் பகுதியில் அந்த வேலை அரசினுடையது. நம் பட்டா நிலத்துக்குள் இருப்பது நம்முடைய வேலை. இந்த வழி பலன் தருவது மெதுவாகத்தான், ஆனால் ஒருமுறை வென்ற இடத்தைப் பிறகு சிறு உழைப்பாலேயே காத்துக்கொள்ளலாம். நீலகிரியில் பழங்குடிக் கலைஞர்கள் இந்தச் செடியின் தண்டுகளால் ஆளுயரத்துக்கும் மேலான யானைகளை முடைந்து, அவை கடல் கடந்தும் சென்றிருக்கின்றன. அதைப் பார்த்தபோது, நாம் தலையில் கைவைத்து நின்ற ஒரு பொருளில் வேறு சிலர் வாழ்வைக் கண்டிருக்கிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

ஐந்தாவது வழியை ஒரு தனி வேலையாக யாரும் எண்ணுவதில்லை: நிழல் மரங்களோடு பேணப்படும் காப்பித் தோட்டமே ஒரு தீத்தடுப்பு. கல்யாண முருங்கையும் பலாவும் சில்வர் ஓக்கும் நிழல் விரிக்க, களை எடுத்து, சருகு மண்ணோடு மக்கிக் கிடக்கும் தோட்டத்துக்குள் ஓரளவு ஈரம் பங்குனியிலும் தங்கியிருக்கிறது. புல்வெளியில் பாய்ந்துவரும் தீ அங்கே நுழையும்போது தவழத் தொடங்கிவிடுகிறது. எல்லையில் மலைவாழை வரிசையை நட்டால் பச்சை வேலியாகும் என்று சிலர் சொல்கிறார்கள். நீர்ப்பாய்ச்சல் இருந்தால் அது சரிதான். ஆனால் காய்ந்த வாழைச்சருகை அறுத்து அகற்றாவிட்டால் அதுவே எரியும், யானையையும் எல்லைக்கே அழைத்துவரும். பெரிய மரங்களை வெட்டி வெளியாக்கிவிட்டால் தீ வராது என்ற எண்ணமோ முழுக்கத் தவறு. நிழல் போனால் புல் வரும், புல் வந்தால் தீ வரும். மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்தே நடப்பில் இருப்பதால், அறிவிக்கப்பட்ட மலை ஊர்களில் சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அனுமதி தேவை. அந்தச் சட்டம் இந்த இடத்தில் நம் நன்மையின் பக்கமே நிற்கிறது.

இவை அனைத்துக்கும் முன்னால் வைக்க வேண்டிய வேலை வீட்டைச் சுற்றியுள்ளது. காட்டுத்தீயில் வீடுகள் பெரும்பாலும் சுடர் நேராக வந்து தொட்டு எரிவதில்லை, காற்றில் வரும் பொறி விழும் இடத்தில் பற்றுகின்றன என்பதை அமெரிக்காவில் நடந்த நெடிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அங்கே வகுத்திருக்கும் முறைப்படி, சுவரை ஒட்டிய முதல் ஒன்றரை மீட்டரில் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. ஒன்பது மீட்டர் வரை சருகும் காய்ந்த புல்லும் இருக்கக்கூடாது. முப்பது மீட்டர் வரை புதர்கள் தொடர்ச்சியாக இல்லாமல் இடைவெளி விட்டு நிற்க வேண்டும். கலிபோர்னியாவின் வீடு வேறு, நம் ஓட்டுவீடும் தகரக் கொட்டகையும் வேறு. ஆனால் பொறி இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது. நம் வீடுகளில் ஓட்டின் இடுக்கில் சேர்ந்த சருகு, சுவரோடு சாய்த்து அடுக்கிய விறகு, மாட்டுக் கொட்டகைக்கு அருகிலேயே போட்ட வைக்கோற்போர், வெளியே நிற்கும் எரிவாயு உருளை ஆகியவையே முதலில் பார்க்க வேண்டியவை. நீரைச் சேமித்திருக்கிறோம் என்ற நம்பிக்கையையும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். தீ நெருங்கும் நேரத்தில் மின்சாரம் நின்றுபோனால் மோட்டார் ஓடாது; தரைமேல் கிடக்கும் பிளாஸ்டிக் குழாய் உருகிவிடும். வாளியால் மொண்டு எடுக்கக்கூடிய ஒரு சிமெண்டுத் தொட்டி, எத்தனை பழையதாக இருந்தாலும், அந்த நேரத்தில் விலைமதிப்பற்றது. வீட்டைச் சுற்றிய இந்த வேலைக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, செலவும் ஓரிரு நாள் உழைப்புக்கு மேல் ஆகாது.

ஆகவே, நான்கு ஏக்கர் நிலமும் 200 மீட்டர் காட்டெல்லையும் கொண்ட ஒருவர், தம் கைவசம் இருபது ஆள்நாள் மட்டுமே உண்டு என்று வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டால், நான் சொல்லக்கூடிய பங்கீடு இது. மூன்று நாள் வீட்டைச் சுற்றிலும். எட்டு நாள் மார்கழியில் ஐந்து மீட்டர்க் கோடு வெட்ட. மாசித் தொடக்கத்தில் மூன்று, பங்குனித் தொடக்கத்தில் மூன்று என ஆறு நாள் சருகு கூட்ட. மீதமுள்ள மூன்று நாள் கோட்டை ஒட்டிய உண்ணிச்செடியை வேரறுக்க, அடுத்த ஆண்டு அதற்கு அடுத்த வரிசையை. மழை பொய்த்த ஆண்டில் கோடு வெட்டும் நாளைக் குறைத்தாலும் குறைக்கலாம், சருகு கூட்டும் ஆறு நாளைத் தொடக்கூடாது. ஆள் கிடைக்காதவர்கள் அகலத்தை நான்கு மீட்டராக்கிக்கொள்ளட்டும். கூட்டுவதை மட்டும் விட வேண்டாம்.

இந்தப் பங்கீடு தோற்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். எங்கள் சரிவுகளில் பூட்டிக் கிடக்கும் தோட்டங்கள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே வருகின்றன. பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்டார்கள், அல்லது வாங்கியவர் வந்து பார்ப்பதில்லை. காப்பிச் செடிகளுக்கிடையே உண்ணி ஏறி, நிழல் மரத்தைக் கொடி மூடி, வரப்பெல்லாம் புல்லாகி நிற்கும் அந்த நிலம், இரு பக்கமும் ஒழுங்காக வெட்டப்பட்ட கோடுகளுக்கு நடுவே திறந்து வைத்த கதவைப் போன்றது. பக்கத்து நிலக்காரர்கள் எவ்வளவு உழைத்தாலும் தீ அந்தக் கதவு வழியாக வரும். அனுமதியில்லாமல் அடுத்தவர் நிலத்தில் இறங்கி வெட்ட யாருக்கும் உரிமையில்லை. உரிமையாளர் எங்கிருந்தாலும் அவரைத் தேடி, மார்கழிக்கு முன் பேசி, அவர் நிலத்துக் காட்டெல்லையை மட்டும் வெட்டிக்கொள்ள ஒரு வரி எழுத்துச் சம்மதமும், முடிந்தால் கூலியில் ஒரு பங்கும் வாங்கிவிட வேண்டும். பெரும்பாலோர் மறுப்பதில்லை, யாரும் கேட்காததால்தான் செய்யாமல் இருக்கிறார்கள். வனச்சரக அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்திலும், ஊராட்சியின் கிராம சபையில் வைக்கும் தீர்மானத்திலும், ஊரில் எந்தெந்த நிலம் அப்படிக் கிடக்கிறது என்ற வரைபடம் ஒன்றை இணைத்தால், வனத்துறை தன் கோட்டை எங்கே அகலப்படுத்த வேண்டும், தீத்தடுப்புக் காவலர்களை எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்க அது கைகொடுக்கும். இந்த ஆண்டு நான் இருபது ஆள்நாளோடு இன்னும் இரண்டு நாளைச் சேர்த்து ஒதுக்கியிருப்பது அந்த வரைபடத்துக்காகவும், அந்தத் தொலைபேசி அழைப்புகளுக்காகவும்தான்.